குற்றவாளிக் கூண்டிலே தாய்

முதல் வகுப்பிலே சேர்ப்பதற்காக ஒரு சிறுவனை அழைத்து வந்திருந்தனர், அவன் தாயும் பாட்டியும். ஐந்து வயது. மூக்கின்மீது தடித்த கண்ணாடி. கைக்குழந்தையாக இருந்தபோதே இரு கண்களிலும் புரை அகற்றப்பட்டதாம். காதும் சரிவரக் கேட்பதில்லை. "உன் பெயர் என்னப்பா?" என்று கேட்டேன். அவன் என் உதடுகளையே உற்றுப் பார்த்தபடி நின்றான். பாட்டி முந்திக்கொண்டாள்: "கிரகணத்தன்னிக்கு வெளியே தலைகாட்டாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் டீச்சர். கேட்டாளா? இப்ப எம் பேரன் அனுபவிக்கிறான்!"

தாய் தலை கவிழ்ந்தாள். மறுக்கவில்லை, அழவுமில்லை. ஐந்தாண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன தீர்ப்பு அது. வழக்கு நடந்ததில்லை, சாட்சி விசாரிக்கப்பட்டதில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் நாள் தவறாமல் படிக்கப்படுகிறது!

வரலாறு படித்தவள் நான். ஆகவே, அந்தத் தீர்ப்பின் வயது என்ன, அதை முதலில் எழுதியவர் யார் என்று தேடும் ஆவல் பிறந்தது. தேடியதிலே கண்டவற்றைத்தான் கூறுகிறேன்.

குறைப்பிறவி கண்டு மாந்தன் மருண்டது நேற்றல்ல, முந்நாளுமல்ல. அசீரிய மன்னன் அசூர்பானிபாலின் நினிவே நகரத்து நூலகத்திலே, கி.மு. ஏழாம் நூற்றாண்டிலே, களிமண் பலகைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றுள்ளே 24 பலகைகள் கொண்ட ஒரு தொகுதி, முழுவதும் இதைப் பற்றியதே! ஆட்டுக்கோ மாட்டுக்கோ மனிதருக்கோ, காது இப்படி அமைந்த குட்டி பிறந்தால் அரசனுக்கு இன்னது நேரும், கால் அப்படி அமைந்தால் நாட்டுக்கு இன்னது விளையும் என்று, பட்டியல் பட்டியலாகப் பலன் எழுதி வைத்தனர். குழந்தை அங்கே குழந்தையல்ல; வானத்திலிருந்து வந்த ஓலை! ஓலையைப் படித்தபின் ஓலைக்கு என்ன ஆனால் என்ன?

உரோமாபுரியிலே அந்தக் கேள்விக்கு விடையும் எழுதினர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவிலே தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்திலே, வெளிப்படையான உறுப்புக் குறையோடு பிறந்த சிசுவை விரைந்து கொன்றுவிடல் வேண்டும் என்ற விதி இருந்ததாகச் சிசரோ குறிப்பிடுகிறார். இலத்தீன் மொழியிலே அத்தகைய பிறவிக்கு 'மான்ஸ்ட்ரம்' என்று பெயர். அச்சொல்லின் வேர், 'எச்சரிக்கை செய்தல்' என்னும் பொருளுடைய சொல். எச்சரிப்பது தெய்வம்; எச்சரிக்கை மணி அந்தச் சிசு; மணி அடித்து ஓய்ந்ததும் உடைத்தெறியப்பட்டது. சட்டத்தின் பெருமைக்கு உரோமாபுரியைக் காட்டுவோர் இந்தப் பக்கத்தை ஏனோ விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

இதுவரை குற்றவாளி என்று எவரையும் குறிப்பாகச் சுட்டவில்லை. கோபித்த தெய்வம் இருக்க, மனிதரைத் தேடுவானேன்? தாயைக் கூண்டிலேற்றும் வேலை மெல்ல மெல்லப் பிறகு நடந்தது.

1573ஆம் ஆண்டு, அம்புரோசு பாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் குறைப்பிறவிகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். சாமானியரல்லர் அவர், நாவிதர் மரபு வழி வந்த அறுவை மருத்துவராகத் தொழில் தொடங்கி, பிரான்சு நாட்டு மன்னர் நால்வருக்குப் பணிபுரிந்தவர். போர்க்களத்திலே குண்டுபட்ட புண்ணில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையைக் கைவிட்டு, மென்மையான களிம்பிட்டுக் காட்டியவர். அத்தகைய அறிவாளர் குறைப்பிறவிக்கு 13 காரணங்களை வரிசைப்படுத்தினார். முதற் காரணம் கடவுளின் மகிமை. இரண்டாவது கடவுளின் சினம்! இறுதியிலே பேயும் பூதமும். நடுவிலே, பரம்பரை நோய் என்று உண்மையின் நுனியைத் தொடும் காரணமும் உண்டு. அதன் அருகிலேயே, கருவுற்றவள் கால்மேல் கால் போட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தது ஒரு காரணம். அவள் மனத்திலே தோன்றிய கற்பனை இன்னொரு காரணம்.

அந்தக் கற்பனைதான் ஐரோப்பாவை நெடுங்காலம் ஆட்டிவைத்தது. கருவுற்றவள் முயலைக் கண்டு திடுக்கிட்டால் பிள்ளைக்கு முயலுதடு. தீயைக் கண்டு மிரண்டால் உடலிலே செந்தழும்பு. உண்ண ஆசைப்பட்ட பழம் கிட்டாவிடின் அப்பழத்தின் வடிவிலே மச்சம்! இதைப் பாமரர் மட்டுமா நம்பினர்? 1726இல் இங்கிலாந்திலே, சர்ரே மாவட்டத்துக் கோடால்மிங் ஊரிலே, மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண், தான் முயல்களைப் பெற்றெடுப்பதாகக் கூறினாள். கருவுற்றிருந்தபோது முயலைக் கண்டு ஆசை கொண்டதன் விளைவாம்! அரசனின் அறுவை மருத்துவரே நேரில் சென்று பார்த்து, மெய்தான் என்று எழுதினார். இலண்டனுக்கு அழைத்துவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே, மோசடி என்று அவள் ஒப்புக்கொண்டாள். நகரம் நகைத்தது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பிளாண்டெல் என்ற மருத்துவர், தாயின் நினைப்பு சேயின் உறுப்பைச் சிதைக்கும் என்பது வெறும் பேதைமை என்று நூலெழுதினார். ஏனைய மருத்துவர் ஏற்கவில்லை. விவாதம் பல்லாண்டு நீண்டது. மோசடிக்காரி ஒருத்தியின் பொய் வெளுத்ததே தவிர, நம்பியவர்களின் மடமை வெளுக்கவில்லை.

நம் பாட்டியின் கிரகணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கிரகணத்தன்று கருவுற்றவள் கத்தி எடுத்தால் பிள்ளையின் உதடு பிளவுபடும் என்பர் இங்கே. கடல்கள் பல தாண்டி மெக்சிகோ நாட்டிலே, பழைய அசுடெக்கு மக்களும், சந்திரனை ஏதோ கடித்துத் தின்பதே கிரகணம், அதைப் பார்த்த தாயின் பிள்ளைக்கு உதட்டிலே அந்தக் கடி விழும் என்று நம்பினர். காப்பாக எரிமலைக் கண்ணாடிக் கத்தியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டனர். இங்கே கத்தியால் கேடு. அங்கே கத்தியே காப்பு! இரண்டில் எது மெய்? பிளவுதட்டைப் பற்றி உடலியல் கூறுவதைக் கேட்டால் இரண்டும் வேண்டியதில்லை. கருவிலே மேலுதடு, இரு புறமும் நடுவுமாக வரும் திசுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவது. ஏழாம் வாரத்துக்குள் அந்த இணைப்பு முடிந்துவிடுகிறது. இணையாமற் போனதே பிளவு. ஐந்தாம் மாதத்துக் கிரகணம், முன்னரே மூடிவிட்ட உதட்டை எங்ஙனம் பிளக்கும்? வில்லியம் ஆர்வி, 1651இலேயே, வளரும் கருவில் உதடு தொடக்கத்தில் பிளவுபட்டே இருப்பதைக் கண்டு, முயலுதடு என்பது வளர்ச்சி இடையிலே நின்றுபோனதன் அடையாளம் என்று கருதினார். ஒரு வரியிலே முடிய வேண்டிய வழக்கு! முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் ஊரில் முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, எத்தியேன் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் கோழிமுட்டைகளை எடுத்து, அடைகாக்கும்போதே குலுக்கியும் துளைத்தும் ஓட்டை மூடியும் பார்த்தார். குஞ்சுகள் குறைபட்டுப் பிறந்தன. கோழிக்குக் கற்பனை ஏது? கிரகணம் ஏது? அவர் மகன் இசிடோர், 1832இல் தொடங்கிய பெருநூலிலே இந்தத் துறைக்குத் தனிப் பெயரே சூட்டினார். 1933இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்திலே பிரெட் ஹேல் என்பவர், வைட்டமின் ஏ இல்லாத தீனியிலே வளர்த்த பெண்பன்றி ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லாதிருந்ததைக் காட்டினார். பரம்பரைக் கோளாறோ என்ற ஐயத்தையும் அவர் விடவில்லை. அந்தக் குருட்டுப் பன்றிகளுக்கு முறையான தீனி தந்து இனம்பெருக்கியபோது, நல்ல கண்ணுடைய குட்டிகளே பிறந்தன. ஆனால் பன்றியிலே கண்டது மனிதருக்குப் பொருந்தும் என்று எவர் ஒப்புவர்? நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர், அதைத் தாண்டி எத்தீங்கும் கருவை அணுகாது என்பதே அந்நாள் மருத்துவரின் உறுதியான எண்ணம்.

அந்தச் சுவரிலே முதல் விரிசலைக் கண்டவர், சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் மக்அலிஸ்டர் கிரெக். 1941இன் தொடக்க மாதங்களிலே, பிறவியிலேயே கண்புரையோடு கைக்குழந்தைகள் அவரிடம் அடுக்கடுக்காக வந்தன. பலவற்றுக்கு இதயத்திலும் கோளாறு, எடையும் குறைவு. பரம்பரையாக இருக்கும் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த நோயாளியை அழைத்திருக்கலாம் அவர். அழைக்கவில்லை. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலே, இரண்டு தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்ததாகச் சொல்லுவர்: கருவுற்ற தொடக்கத்திலே தங்களுக்கு ஜெர்மன் அம்மை கண்டதை அவர்கள் பேசிக்கொண்டிருந்தனராம். ரூபெல்லா என்று இன்று நாம் வழங்கும் அந்த நோய், மூன்று நாள் இலேசான காய்ச்சலும் செம்புள்ளியுமாக வந்து போவது. மருத்துவர் எவரும் பொருட்படுத்தாதது. அவர் பொருட்படுத்தினார். குழந்தைகளின் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். கரு உருவான தொடக்க மாதங்கள், 1940இல் ஆஸ்திரேலியாவிலே, போர்க்காலப் படைமுகாம்களின் நெரிசலோடு அந்த அம்மை பரவிய மாதங்களோடு பொருந்தின! ஏனைய மருத்துவர்களுக்கு எழுதிக் கேட்டார். ஆக 78 குழந்தைகள். அவர்களுள் 68 பேரின் தாய்மாருக்குக் கருவுற்ற காலத்திலே அந்த அம்மை கண்டிருந்தது. 1941 அக்டோபர் 15 அன்று மெல்போர்னிலே கண் மருத்துவர் அவையிலே அதைப் படித்தார்.

பாரீர், இதிலே உள்ள புதுமையை! நுண்ணோக்கியுமல்ல, அரிய கருவியுமல்ல. தாய், குற்றவாளியாக அல்ல, சாட்சியாக விசாரிக்கப்பட்டாள். கூண்டு மாறியது, உண்மை வெளிவந்தது.

உலகம் உடனே ஒப்பியதா? இல்லை. புள்ளிவிவரம் போதாது என்று இலண்டன் மருத்துவ ஏடு ஐயம் தெரிவித்தது. பின்னர் ஆலிவர் லங்காஸ்டர் என்ற ஆஸ்திரேலியக் கணக்கியலார் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கிலே 10 முதல் 14 வயதுடையோரிடையே செவிடர் எண்ணிக்கை மற்ற வயதினரைவிட மிகுந்து நின்றது. 1921ஆம் ஆண்டுக் கணக்கிலே அதே கூட்டம் பத்தாண்டு முதிர்ந்து, 20 முதல் 24 வயதிலே அதே மிகுதியோடு நின்றது. நூற்றாண்டின் இறுதியிலே வீசி மறைந்த ஒரு தொற்றலை, எண்களுக்குள்ளே தன் சுவட்டை விட்டுச் சென்றிருந்தது! கணக்கெடுப்பு ஏடுகளை வறண்ட நூல்கள் என்று என் மாணவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையைக் கூறுவதுண்டு.

கிரகணத்தையும் இப்படி எண்ணிப் பார்க்கலாமே. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் கோவையிலும் திண்டுக்கல்லிலும் வளையக் கிரகணம் தெரிந்தது. அன்று இந்நாட்டிலே கருவுற்றிருந்தோர் இலட்சக் கணக்கினர். கிரகணம் காரணமென்றால் அடுத்த ஆண்டுப் பேறுகால மனைகளிலே ஓர் அலை எழுந்திருக்க வேண்டுமன்றோ? எழுந்ததா?

கிரெக் காட்டிய பாதையை மறந்ததற்கு உலகம் பெருவிலை கொடுத்தது. 1957 அக்டோபர் முதல் நாள், மேற்கு ஜெர்மனியிலே கிரூனென்தால் நிறுவனம் தாலிடோமைடு என்னும் உறக்க மாத்திரையை விற்கத் தொடங்கியது. மருத்துவர் சீட்டே வேண்டாம். அத்துணைத் தீங்கற்றது என்று விளம்பரம். கருவுற்ற பெண்களின் காலைக் குமட்டலுக்கும் நல்லது என்று பரவி, 46 நாடுகளிலே விற்பனை. பிறகு, கையின் இடத்திலே தோளோடு ஒட்டிய விரல்களும், காலின் இடத்திலே குறுகிய முளையுமாகக் குழந்தைகள் பிறக்கலாயின. அணுகுண்டுச் சோதனையா, பரம்பரையா, துப்புரவுப் பொருளா என்று குழம்பினர்.

ஜெர்மானியர் வாய்திறக்கத் தயங்கியதற்குத் தனிக் காரணமும் உண்டு. இட்லர் ஆட்சி 1933இலேயே, பரம்பரைக் குறையுடையோர் எனத் தான் முத்திரையிட்டவர்களுக்குக் கட்டாய மலடாக்கச் சட்டம் இயற்றியது. 1939 முதல் குறையுடைய குழந்தைகளை மருத்துவமனைகளிலேயே கொன்றது. உரோமாபுரியின் பலகை மீண்டும் எழுந்து வந்தது, வெள்ளை அங்கி அணிந்து! அந்த நினைவு ஆறாத நாட்டிலே, குறையுடைய பிள்ளையை வெளியே காட்டவே பெற்றோர் அஞ்சினர். அந்த மௌனத்தை உடைத்தவர் ஆம்பர்க்கு நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்டு லென்சு. அவர் தந்தையோ நாஜிக் காலத்து 'இனத் தூய்மை' ஆராய்ச்சியின் முன்னணி ஆசிரியர்! எல்லாம் இரத்தத்திலே உள்ளது என்று தந்தை போதித்தார். மகன் வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கேட்டார்: என்ன உண்டீர்கள், எந்த மருந்து விழுங்கினீர்கள்? உறக்க மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா என்று சிலர் அதைச் சொல்லவே மறந்திருந்தனர். மீண்டும் கேட்டார். 1961 நவம்பரிலே நிறுவனத்துக்குத் தொலைபேசியிலே எச்சரிக்கை விடுத்தார். மருத்துவர் கூட்டத்திலே பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஏடொன்றில் செய்தி வந்த மறுநாள், நவம்பர் 27 அன்று, மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவிலே வில்லியம் மக்பிரைடு என்னும் மகப்பேறு மருத்துவரும் அதே ஐயத்தை எழுதினார். அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்.

அமெரிக்காவிலே அந்த மருந்து கடைக்கு வராமல் தடுத்தவர் பிரான்சிசு கெல்சி என்ற பெண்மணி. 1960 செப்டம்பரிலே மருந்து ஆய்வுத் துறையிலே புதிதாகச் சேர்ந்திருந்தார். நிறுவனம் நெருக்கியது, மேலிடத்துக்கு முறையிட்டது. இன்னும் சான்று கொடு என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். அம்மருந்தின் கொடுமை நாட்கணக்கிலே அடங்கியிருந்தது: கரு உருவான 20ஆம் நாளையொட்டி விழுங்கினால் காது, சில நாள் கழித்தால் கை, பின்னர் கால், 36ஆம் நாளுக்குப் பின் அந்தக் கேடில்லை. தான் கருவுற்றதையே பல பெண்கள் அறியாத நாட்கள் அவை! அந்நிறுவனம் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கேட்டது 2012 ஆகஸ்டிலே. அரை நூற்றாண்டு ஆயிற்று, ஒரு சொல்லுக்கு.

தீங்கு நுழையும் வழி மட்டுமல்ல, காப்பு நுழையும் வழியும் அதுவே என்பது இந்திய மண்ணோடு தொடர்புடைய இன்னொரு கதை. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்சு என்ற ஆங்கில மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்திலே கொடிய இரத்தசோகையால் மடிவதைக் கண்டு, அவர்கள் உண்பது என்ன என்று ஆராய்ந்தார். ஈசுட்டுச் சாறு கொடுத்தார், தேறினர். அதிலே இருந்த பொருள்தான் பின்னர் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்னும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வொன்று முடிவுற்றது. முன்னர் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறையுடன் பிள்ளை பெற்ற தாய்மார், கருவுறுவதற்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை உட்கொண்டால், அடுத்த பேற்றிலே அக்குறை 72 விழுக்காடு குறைகிறது! மூளையும் தண்டும் உருவாகும் குழல் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்வதால், நாள் தள்ளிப்போய் உறுதியான பிறகு தொடங்குவது பெரும்பாலும் காலங்கடந்ததாகிவிடும்.

நம் வீடுகளிலே கூசாமல் பேச வேண்டிய ஒன்று, நெருங்கிய உறவிலே மணம். அக்காள் மகளை மணப்பவன் தன் மரபணுக்களிலே நான்கில் ஒரு பங்கை அவளோடு பகிர்ந்திருக்கிறான். மாமன் மகளெனின் எட்டில் ஒரு பங்கு. மறைந்து கிடக்கும் ஒரே கோளாறு இருவரிடமும் இருந்து பிள்ளையிடம் வந்து கூட இங்கே வாய்ப்பு மிகுதி. பேரச்சம் வேண்டா, பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்றாக இருக்கும் ஆபத்து, மாமன் மகள் மணத்திலே மேலும் அந்த அளவு கூடுகிறது, அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய குறைக்குத் தந்தையின் பங்கு சரிபாதி. அது இன்றி நோயே இல்லை. எந்த ஊர்த் திண்ணையிலாவது தந்தையைக் கூண்டிலேற்றிக் கேட்டதுண்டா? காரணம் இன்னதென்று மருத்துவமே கூற இயலாத குறைகளும் மிகப் பல. அங்கேயும் திண்ணை தீர்ப்புக்குத் தயங்குவதில்லை.

ரூபெல்லாவுக்கு 1969 முதல் தடுப்பூசி உண்டு. நம் நாட்டிலே, மணல்வாரியையும் ரூபெல்லாவையும் ஒருங்கே தடுக்கும் ஊசித் திட்டம் 2017 பிப்ரவரியிலே தொடங்கிய ஐந்து பகுதிகளுள் தமிழகமும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை உள்ளோர்க்குப் பள்ளிகளிலேயே ஊசி. வாட்சாப்பிலே வதந்தி பறந்தது. ஊசி போட்டால் மலடாகும் என்றும் உயிர் போகும் என்றும் அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். மதுரைக் கண் மருத்துவமனையொன்றில் நடந்து 1996இல் வெளியான ஆய்விலே, காயத்தால் அன்றிக் கண்புரை கண்ட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் ரூபெல்லா என்று கண்டனர். அந்தச் செய்தி மட்டும் வாட்சாப்பிலே பறக்கவில்லை.

அந்தச் சிறுவனின் தாய், 2017இலே 15 வயதைக் கடந்திருந்தாள். அன்று சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, கிரெக் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன்.

"அம்மா, இவன் வயித்துல இருந்தப்ப, ஆரம்பத்துல, காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ரெண்டாம் மாசம் டீச்சர். மூணு நாள் காய்ச்சல். மொகமெல்லாம் செவசெவன்னு பொரிப்பொரியா வந்துச்சு. அம்மை பாத்துருக்குன்னு வேப்பிலை வெச்சாங்க. தன்னால போயிருச்சு." பிறகு, "இதை இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கலையே" என்றாள்.

அதுதான் காரணமென்று நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன், நான் மருத்துவரல்லள். உறுதி செய்யும் இரத்தச் சோதனைக்கான பருவம் கைக்குழந்தைக் காலத்தோடு கடந்துவிட்டது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், காதுக் கருவிக்காக. பாட்டி கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பிலே செருகிக்கொண்டாள். கிரகணத்தைப் பற்றி அன்று மேற்கொண்டு பேசவில்லை. சிறுவனை முன்வரிசையிலே, என் உதடுகள் நன்கு தெரியும் இடத்திலே அமர்த்தியிருக்கிறேன்.